வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்: பாடசாலையில் சுகாதாரமும் சமூகப் பராமரிப்பும்

இங்கிலாந்துப் பாடசாலைகளில் ‘ஹெல்த் அண்ட் சோஷல் கெயார்’ என்று அழைக்கப்படும் சுகாதாரமும் சமூகப் பராமரிப்பும் என்ற பாடத்தைப் பற்றி இம்மாதம் பல கடிதங்கள் வந்துள்ளன. 11 ஆண்டுகள் தாதியாக வேலை செய்த பின்னர், ஓய்வுபெறும் வரை கல்லூரியொன்றில் இதே பாடத்தைக் கற்பித்தவள் என்ற வகையில், அவற்றுள் ஆறுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் தகைமைகளின் பெயரும் உதவித்தொகை விதிகளும் வேறுபடும் என்பதை அங்குள்ள வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

கேள்வி: ரீச்சருக்கு வணக்கம். என் மகள் 11ஆம் ஆண்டில் படிக்கிறாள். 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சை முடித்ததும் சுகாதாரமும் சமூகப் பராமரிப்பும் படிக்கப் போவதாகச் சொல்கிறாள். “வயோதிபரைக் குளிப்பாட்டவா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று என் கணவர் கோபிக்கிறார். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாடம் இது என்று உறவினரும் சொல்கிறார்கள். இது உண்மையா? — ஹரோவிலிருந்து ஒரு தாய்

பதில்: உங்கள் கணவர் எடுத்துக்கொண்ட உதாரணத்திலிருந்தே தொடங்குகிறேன், அம்மா. படுக்கையில் இருக்கும் ஒரு முதியவரைக் குளிப்பாட்டுவது எப்படி என்று நாங்கள் வகுப்பில் கற்பிக்கும்போது, தண்ணீரின் சூட்டைப் பற்றி ஓரிரு நிமிடங்களே பேசுவோம். மீதி நேரம் முழுவதும் வேறு விடயங்களுக்குப் போய்விடும். அவரிடம் சம்மதம் கேட்டீர்களா, திரையை இழுத்து மூடினீர்களா, அவரே செய்யக்கூடியதை அவரிடமிருந்து பறித்துக்கொண்டீர்களா என்று கேட்போம். அதன்பின் தோலைப் பார்க்கக் கற்றுக்கொடுப்போம். குதிக்கால், இடுப்பு, முதுகின் அடி ஆகிய இடங்களில்தான் படுக்கைப்புண் தொடங்கும். வெள்ளைத் தோலில் அழுத்தினாலும் மறையாத ஒரு சிவப்பு முதல் அறிகுறியாகத் தெரியும். நம்மைப் போன்ற கறுத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குப் புலப்படாமல் போகலாம் என்பதால், கையால் தொட்டு, சுற்றியுள்ள தோலை விட அந்த இடம் சூடாக இருக்கிறதா, தடித்திருக்கிறதா என்று அறிய வேண்டும். இதைப் 16 வயதிலேயே கற்றுக்கொண்ட ஒரு பிள்ளை ஒரு தமிழ்ப் பாட்டியின் உடம்பில் எலும்பு வரை போகக்கூடிய புண்ணை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிடும். குளிப்பாட்டுவது என்று உங்கள் கணவர் சொன்ன வேலைக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

பாடத்திட்டத்தைப் பார்த்தால், கருவில் தொடங்கி முதுமை வரையான மனித வளர்ச்சி, உடலமைப்பும் உடற்றொழிலும், தொற்றுத் தடுப்பு, தொடர்பாடல், சட்டம், ஆய்வு வாசிப்பு என்று அது விரியும். இவற்றுள் மாணவர்களை அதிகம் பாதிப்பது சிறுவர் பாதுகாப்புப் பற்றிய பகுதியே. ஐவரி கோஸ்டில் பிறந்து இலண்டனில் வளர்ப்பவர்களின் சித்திரவதையால் 2000 பெப்ரவரியில் எட்டு வயதில் இறந்த விக்டோரியா கிளிம்பியே என்ற சிறுமியின் வழக்கை எடுத்துக்கொள்வோம். சமூக சேவைப் பிரிவுகள், பொலிஸ், இரண்டு வைத்தியசாலைகள் எனப் பலர் அவளைக் கண்டிருந்தும், அவளைக் காப்பாற்றக் கிடைத்த 12 சந்தர்ப்பங்கள் தவறவிடப்பட்டதை லோர்ட் லேமிங்கின் 2003ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை எடுத்துக்காட்டியது. 2004ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் அதன் தொடர்ச்சியாக வந்தது. யார் எதைக் கண்டார்கள், யாரிடம் சொல்லாமல் விட்டார்கள் என்று ஒவ்வொரு கட்டமாக மாணவர்கள் எழுதும்போது வகுப்பு அமைதியாகிவிடும். இது எளிதான படிப்பு என்று சொல்பவர்கள் அந்த ஒப்படைகளில் ஒன்றையாவது வாசித்துப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் உங்கள் உறவினர்கள் சொல்வதில் ஒரு சிறு உண்மை உண்டு என்பதை நான் மறைக்கமாட்டேன். சில இடங்களில், வேறு எந்தப் பாடத்துக்கும் புள்ளி போதாத பிள்ளைகளை, அவர்களுக்கு விருப்பம் உண்டா என்று கேளாமலே இந்த வகுப்பில் இருத்திவிடுகிறார்கள். அது அந்தப் பிள்ளைகளுக்கும் பாடத்துக்கும் செய்யும் அநியாயம். ஆகவே உங்கள் மகள் சேரப்போகும் கல்லூரியின் திறந்த நாளுக்குச் சென்று, கடந்த ஆண்டு இப்பாடத்தை முடித்தவர்கள் எங்கே போனார்கள், எத்தனை பேர் பல்கலைக்கழகம் சென்றார்கள், வேலைக் களப்பயிற்சிக்கு எந்த வைத்தியசாலையோடும் இல்லங்களோடும் ஒழுங்கு செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். தெளிவான பதில் சொல்லும் கல்லூரியில் தயக்கமின்றிச் சேர்க்கலாம்.

கேள்வி: என் மகளுக்குத் தாதியாக வேண்டும் என்பதே குறிக்கோள். பீடெக், டி லெவல், ஏ லெவல் என்று மூன்று வழிகள் இருப்பதாகப் பாடசாலையில் சொல்கிறார்கள். எதைத் தெரிவு செய்வது? — லெஸ்டரிலிருந்து ஒரு தந்தை

பதில்: முதலில் ஒரு சிறு விளக்கம். இங்கே சொல்லப்படும் பீடெக் என்பது இந்தியாவில் பொறியியற் பட்டதாரிகள் பெறும் பி.டெக் பட்டம் இல்லை. ஊரிலுள்ள உறவினர்களிடம் தொலைபேசியில் சொல்லும்போது பல குடும்பங்களில் இந்தக் குழப்பம் ஏற்பட்டதை நான் அறிவேன். பீடெக் என்பது 16 வயதுக்குப் பின் படிக்கும் தொழில்சார் தகைமை. அது பல அளவுகளில் உண்டு. எக்ஸ்டென்டட் சேர்ட்டிபிக்கட், ஊரிலுள்ள உயர்தரத்தைப் போன்ற ஏ லெவலில் ஒரு பாடத்துக்குச் சமமானது. எக்ஸ்டென்டட் டிப்ளோமா மூன்று ஏ லெவல் பாடங்களுக்குச் சமமானது. பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால், எந்த அளவில் பிள்ளை பதிவு செய்யப்படுகிறது என்பதை எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். மூன்று பாடங்களின் பெறுமதி கிடைக்கும் என்று நம்பியிருந்து, இரண்டாம் ஆண்டில்தான் ஒன்றின் பெறுமதியே தன்னிடம் இருப்பதை அறிந்து அழுத மாணவியை நான் கண்டிருக்கிறேன்.

டி லெவல் இவற்றுள் புதியது. சுகாதாரத் துறைக்கான டி லெவல் 2021 செப்டெம்பரில் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளும் பிள்ளை இதை மட்டுமே படிக்கும். பொதுவான அடிப்படைப் பகுதியுடன் ஒரு சிறப்புத் துறையையும், உதாரணமாக முதியோர் உள்ளிட்ட வளர்ந்தோருக்கான தாதியர் குழுவுக்கு உதவுதல், மருத்துவமாதர் குழுவுக்கு உதவுதல், மனநலக் குழுவுக்கு உதவுதல் என்பவற்றில் ஒன்றையும் தேர்ந்தெடுக்க வேண்டும். குறைந்தது 315 மணித்தியாலங்கள், அதாவது ஏறத்தாழ 45 நாட்கள், உண்மையான வேலைத்தளத்தில் செலவிட வேண்டும். தன் எண்ணத்தில் உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு இது மிக நல்ல வழி. “தாதியா ஆசிரியையா என்று இன்னும் தெரியவில்லை” என்று சொல்லும் பிள்ளைக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. ஏனென்றால் நடுவில் மனம் மாறினால் கையில் வேறு பாடம் இருக்காது.

புள்ளிக் கணக்கில் மூன்று வழிகளும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன. பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் முறையில் ஏ லெவலில் மூன்று ஏ பெறுபேறுகளுக்கு 144 புள்ளிகள். எக்ஸ்டென்டட் டிப்ளோமாவில் மூன்று டிஸ்டிங்ஷன்களுக்கும் 144. டி லெவலில் டிஸ்டிங்ஷனுக்கும் 144. எனினும் புள்ளிகள் மட்டும் கதவைத் திறந்துவிடா. பல்கலைக்கழகங்கள் பலவும் ஜிசிஎஸ்இ ஆங்கிலத்திலும் கணிதத்திலும் குறைந்தது 4ஆம் தரத்தைக் கேட்கின்றன. சில விஞ்ஞானத்திலும் கேட்கின்றன. ஆகவே நான் எந்தப் பெற்றோருக்கும் சொல்லும் முறை இதுதான்: பிள்ளை போக விரும்பும் நான்கு அல்லது ஐந்து பல்கலைக்கழகங்களின் தாதியர் பட்டப்படிப்புப் பக்கங்களை இன்றே திறந்து, அங்கு எழுதியுள்ள நுழைவுத் தகைமைகளை ஒரு தாளில் எழுதி, அதன்பின் கல்லூரிப் பாடத்தைத் தெரிவு செய்யுங்கள். மேலே உள்ள படியிலிருந்து கீழ்நோக்கி எண்ணி வந்தால் கால் தவறாது.

உயிரியலில் ஆர்வமுள்ள பிள்ளையென்றால், ஏ லெவல் உயிரியலோடு இன்னொரு ஏ லெவலையும் எடுத்து, மூன்றாவதாக ஓர் எக்ஸ்டென்டட் சேர்ட்டிபிக்கட் சேர்த்துக்கொள்வதே என் தனிப்பட்ட விருப்பம். இயன்மருத்துவம், மருத்துவமாது, பேச்சுச் சிகிச்சை போன்ற, போட்டி கடுமையான துறைகளுக்கும் அது வழியைத் திறந்து வைத்திருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தத் தகைமைகளுக்கான அரச நிதியும் பெயர்களும் மாறிவருகின்றன. வி லெவல் என்ற புதிய தகைமையைக் கொண்டுவரப் போவதாக அரசாங்கம் 2025 ஒக்டோபரில் வெளியிட்ட வெள்ளை அறிக்கை கூறுகிறது. மூத்த பிள்ளை படித்தது இளைய பிள்ளைக்கு அப்படியே கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

பட்டப்படிப்பைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். தாதியாகப் பதிவு பெற 4,600 மணித்தியாலப் பயிற்சி வேண்டும்; அதில் பாதி விரிவுரை, பாதி செயன்முறை. இரவு வேலையும் வார இறுதி வேலையும் அதில் அடங்கும். இங்கிலாந்தில் தகுதியுள்ள தாதிய மாணவர்களுக்கு ஆண்டுக்கு 5,000 பவுண் பயிற்சி உதவித்தொகை, திருப்பிச் செலுத்தத் தேவையில்லாமல், என்எச்எஸ் எனப்படும் தேசிய சுகாதார சேவை வழியாகக் கிடைக்கிறது.

கேள்வி: இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு வைத்தியராக முடியுமா? — ஸ்லாவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இந்தப் பாடத்தை மட்டும் படித்து முடியாது. மருத்துவ பீடங்கள் பெரும்பாலும் இரசாயனவியலையும் உயிரியலையும், அல்லது அவற்றுள் ஒன்றையாவது, ஏ லெவலில் உயர் பெறுபேற்றுடன் கேட்கின்றன. பிள்ளையின் மனம் வைத்தியத் துறையில் இருந்தால் 16 வயதில் அந்த விஞ்ஞானப் பாடங்களையே எடுக்க வேண்டும். “இதைப் படித்து, பின்பு பார்த்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அந்த இரண்டு ஆண்டுகள் திரும்பி வரமாட்டா.

கேள்வி: எனக்கு 16 வயது. என் அம்மம்மாவுக்கு மறதிநோய். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போவதால் அவருக்கு மாத்திரை கொடுப்பதும், வைத்தியசாலையில் அவருக்காக ஆங்கிலத்தில் பேசுவதும் நான்தான். சில நாட்களில் ஒப்படைகளை முடிக்க முடியவில்லை. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இந்த அனுபவத்தை எழுதலாமா? வீட்டுச் சங்கதியை எழுதுவது சரியா? — டூட்டிங்கிலிருந்து ஒரு மாணவி

பதில்: மகள், விண்ணப்பத்துக்கு முன்னர் உங்களைப் பற்றிப் பேச வேண்டும். நீங்கள் செய்துகொண்டிருக்கும் வேலைக்குச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு: நீங்கள் ஓர் இளம் பராமரிப்பாளர். 2014ஆம் ஆண்டுச் சிறுவர் மற்றும் குடும்பங்கள் சட்டத்தின்படி, உங்களுக்கு என்ன உதவி தேவை என்று மதிப்பீடு செய்யும் கடமை உங்கள் உள்ளூர்க் கவுன்சிலுக்கு இருக்கிறது. அம்மம்மாவுக்குரிய பராமரிப்பு மதிப்பீட்டை அதே ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் தனியாகக் கேட்கலாம். வகுப்பு ஆசிரியரிடமோ பாடசாலையின் நலன்பேணும் பொறுப்பாளரிடமோ நாளையே சொல்லுங்கள். ஒப்படைகளுக்கு மேலதிக நாட்கள் தருவது அவர்களுக்குப் பெரிய காரியம் அன்று. காரணம் தெரியாவிட்டால் உங்களைச் சோம்பேறி என்றே எண்ணிவிடுவார்கள்.

மொழிபெயர்ப்பு உங்கள் பொறுப்பே இல்லை. தமிழ் பேசும் உரைபெயர்ப்பாளரை வைத்தியசாலை இலவசமாக ஒழுங்கு செய்ய வேண்டும். பிள்ளைகளை அந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதே என்எச்எஸ்ஸின் வழிகாட்டல். அடுத்த சந்திப்புக்கு நாள் குறிக்கும்போதே அம்மா தொலைபேசியில் இதைக் கேட்கட்டும். நம் குடும்பங்கள் இதைக் கேட்கத் தயங்குவதற்குக் காரணம், வீட்டுப் பிரச்சினையை வேறொரு தமிழருக்குத் தெரியப்படுத்த வேண்டுமே என்ற கூச்சம்தான். உரைபெயர்ப்பாளர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். ஒரு பேரப்பிள்ளை தன் அம்மம்மாவின் மலச்சிக்கலையோ, மரணத்தைப் பற்றிய பயத்தையோ வைத்தியருக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்ல நேர்வதை விட அது எவ்வளவோ மேல். அப்படி நேரும்போது பிள்ளைகள் சில சொற்களை விழுங்கிவிடுவதையும், அதனால் சிகிச்சையே வழிதவறுவதையும் நான் தாதியாக இருந்த காலத்தில் பல தடவை கண்டிருக்கிறேன்.

இனி விண்ணப்பம். 2026இல் பல்கலைக்கழகம் புகுவோருக்கான விண்ணப்பத்திலிருந்து, பழைய நீண்ட சுயவிளக்கத்துக்குப் பதிலாக யூகாஸ் மூன்று கேள்விகளைக் கேட்கிறது: இத்துறையை ஏன் விரும்புகிறீர்கள், உங்கள் படிப்பு எவ்வாறு உங்களைத் தயார்படுத்தியது, படிப்புக்கு வெளியே வேறு என்ன செய்தீர்கள். உங்கள் அனுபவம் மூன்றாவது கேள்விக்குரியது. அம்மம்மாவின் பெயரோ நோயின் முழு வரலாறோ வேண்டாம். “என் அம்மம்மாவைப் பராமரிக்கிறேன், அதனால் எனக்குப் பொறுமை உண்டு” என்று எழுதினால், வாசிப்பவருக்கு எதுவும் புலப்படாது. ஆயிரம் பேர் அதையே எழுதுகிறார்கள். நீங்கள் கவனித்த ஒன்றை எழுதுங்கள். மறதிநோய் வந்தவர்கள் பிற்காலத்தில் கற்ற மொழியை முதலில் இழந்து, தாய்மொழிக்கே திரும்பிவிடுவது பலரிடம் காணப்படுகிறது. உங்கள் அம்மம்மா ஆங்கிலம் பேசியவராயின், எப்போது அது குறையத் தொடங்கியது, ஆங்கிலத்தில் “சாப்பிடுகிறீர்களா” என்று கேட்டபோது முகத்தைத் திருப்பியவர் தமிழில் கேட்டதும் என்ன செய்தார் என்பதை நான்கு வரியில் எழுதலாம். அதனுடன், மருந்தை மறுத்தால் கட்டாயப்படுத்தலாமா என்ற கேள்வி உங்களுக்குள் எழுந்திருந்தால் அதையும் எழுதுங்கள். ஒருவருக்குத் தீர்மானிக்கும் ஆற்றல் உண்டு என்றே முதலில் கொள்ள வேண்டும், புத்திசாலித்தனமற்றது என்று நமக்குத் தோன்றும் முடிவை எடுத்தார் என்பதற்காக ஆற்றல் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது என்று 2005ஆம் ஆண்டு மனத்தகுதிச் சட்டம் கூறுவதை நீங்கள் 12ஆம் ஆண்டில் படிப்பீர்கள். படிக்கும்போது, வீட்டில் கண்டதும் புத்தகத்தில் உள்ளதும் உங்களுக்கு ஒன்றாகச் சேரும்.

கேள்வி: கல்லூரியில் இந்த வகுப்பில் என் மகன் ஒருவன்தான் ஆண்பிள்ளை. விட்டுவிடலாமா என்று யோசிக்கிறான். — மில்டன் கீன்ஸிலிருந்து ஒரு தாய்

பதில்: விட வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்நாட்டில் பதிவுபெற்ற தாதியரில் ஏறத்தாழ பத்தில் ஒருவரே ஆண். தன்னைக் கழுவித் துடைக்க ஓர் ஆண்தான் வர வேண்டும் என்று கேட்கும் முதியவர்கள் ஒவ்வொரு விடுதியிலும் இருக்கிறார்கள். நம் அப்பப்பாக்கள் அதை வாய்திறந்து கேட்கவும் மாட்டார்கள், பெண் வந்தால் “இன்று வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அழுக்கோடு படுத்திருப்பார்கள். உங்கள் மகன் களப்பயிற்சிக்குப் போய்வந்த முதல் வாரத்துக்குப் பிறகு மறுபடி அவனிடம் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 41 வயது. ஒன்பது ஆண்டுகளாகப் பராமரிப்பு இல்லமொன்றில் வேலை செய்கிறேன். ஊரில் க.பொ.த உயர்தரம் படித்தேன். மகள் இந்தப் பாடம் படிப்பதால், அவள் தூங்கியபின் அவளுடைய புத்தகத்தை எடுத்து வாசிக்கிறேன். பாதிக்கு மேல் எனக்குத் தெரிந்த விடயமாக இருக்கிறது. நானும் தாதியாகலாமா, காலம் கடந்துவிட்டதா? — ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு வாசகி

பதில்: காலம் கடக்கவில்லை, தங்கச்சி. உங்கள் கடிதத்தை நான் இரண்டு தடவை வாசித்தேன். மகளுக்குப் பாடமாக இருப்பது உங்களுக்கு ஒன்பது ஆண்டு வேலையாக இருந்திருக்கிறது. நீங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது ‘கெயார் சேர்ட்டிபிக்கட்’ முடித்திருப்பீர்கள். அது 2015இல் 15 நியமங்களுடன் அறிமுகமான அடிப்படைப் பயிற்சி. பல்கலைக்கழகம் புகுவதற்கு அது போதாது. உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, வளர்ந்தோர் கல்லூரிகளில் நடத்தப்படும் ‘அக்செஸ்’ டிப்ளோமா. முழுநேரமாகப் படித்தால் பெரும்பாலும் ஓராண்டு. 60 திறமைப் புள்ளிகள். அவற்றுள் 45, ஏ லெவலுக்கு நிகரான மூன்றாம் மட்டத்தில் தரப்படுத்தப்படும். தாதியர் படிப்புக்கென்றே அமைந்த பிரிவும் உண்டு. கட்டணத்துக்கு அரச கடன் பெறலாம். அதன்பின் பட்டப்படிப்பை முடித்தால் அக்செஸ் படிப்புக்கான கடனின் மீதி தள்ளுபடி செய்யப்படும். அரச கடனுக்கு உங்கள் வதிவுரிமை நிலையையும் பார்ப்பார்கள் என்பதால், விண்ணப்பிக்கும் முன் கல்லூரி அலுவலகத்தில் அதைக் கேளுங்கள். இரண்டாவது, வேலையை விடாமல் சம்பளத்துடன் படிக்கும் தொழில் பயிலுநர் வழி. பதிவுபெற்ற தாதியருக்குத் துணைநிற்கும் ‘நேர்சிங் அசோசியேட்’ என்ற பதவிக்கு இரண்டு ஆண்டுகள் பயிற்சி. 2019 முதல் தாதியரைப் பதிவுசெய்யும் அதே அமைப்பிலேயே இவர்களும் பதிவு பெறுகிறார்கள். பிறகு தாதிப் பட்டப்படிப்புக்கு மேலே செல்லலாம். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் செலவும் உங்கள் சம்பளத்தில் தங்கியிருந்தால் நான் இந்த இரண்டாவது வழியையே சொல்வேன். உங்கள் இல்லத்தின் முகாமையாளர் இதற்கு உடன்பட வேண்டும். உடன்படாவிட்டால் அருகிலுள்ள என்எச்எஸ் வைத்தியசாலையின் வேலை அறிவிப்புகளில் பயிலுநர் இடங்களைப் பாருங்கள்.

எந்த வழியானாலும் ஆங்கிலமும் கணிதமும் கேட்பார்கள். ஜிசிஎஸ்இ 4ஆம் தரமோ அதற்குச் சமமான தகைமையோ இல்லாத 19 வயதுக்கு மேற்பட்டோருக்கு, இந்த இரண்டையும் இங்கிலாந்தில் கட்டணமின்றிக் கற்பிக்கிறார்கள். மாலை வகுப்புகளும் உண்டு. ஊரில் பெற்ற உயர்தரச் சான்றிதழின் மூலப் பிரதியைத் தேடி எடுத்து, இந்நாட்டுத் தகைமைகளோடு ஒப்பிட்டு ‘யூகே எனிக்’ நிலையம் வழங்கும் கடிதத்தைப் பெறுங்கள். சில கல்லூரிகள் அதைப் பார்த்துப் பாடவிலக்கு அளிக்கும். செப்டெம்பர் வகுப்புகளுக்கான பதிவு கோடை விடுமுறைக்கு முன்பே நிரம்பத் தொடங்கிவிடும். அதுவரை மகளின் புத்தகத்தை அவள் விழித்திருக்கும்போதே எடுத்து, உடற்றொழிலியல் அத்தியாயத்தை அவளிடம் கேட்டுப் படியுங்கள். படுக்கைப்புண் பக்கத்தை நீங்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். உங்கள் இருவருக்கும் விளங்காத இடங்களைக் குறித்து அனுப்பினால், அடுத்த இதழில் அவற்றை விளக்கி எழுதுகிறேன்.